ஒரு டொலர் ஃபோன் கவருக்கு முத்திரைக் காசு கட்டினது யார்?

சில வருசத்துக்கு முதல் நான் ஒன்லைன்ல ஒரு ஃபோன் கவர் ஓடர் பண்ணினனான். விலை ஒரு டொலருக்குக் கொஞ்சம் கூட. அனுப்புகூலி இலவசம். சென்சென்னில் வெளிக்கிட்ட அந்தச் சின்ன உறை கொழும்பில் மத்திய தபால் பரிமாற்றகத்தைத் தாண்டி, ஐந்தாறு கிழமைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுப் படலைக்கு வந்துசேர்ந்தது. சைக்கிளில கொண்டுவந்து தந்தது எங்கட தபால்கார அண்ணை.

அதே காலத்தில் ரொறொன்ரோவில இருக்கிற மச்சான், அமெரிக்காவில ஒருத்தர் விற்ற பழைய கமரா லென்ஸ் மூடி ஒன்றை வாங்கப் பார்த்தான். மூடி நாலு டொலர். அனுப்புகூலியும் இறக்குமதிக் கட்டணமும் சேர்த்து இருபது டொலருக்கு மேல வந்தது. ரொறொன்ரோ ஏரிக்கரையில நிண்டால் அங்கால்பக்கம் அமெரிக்காதான். "உனக்குக் கடல் தாண்டிச் சும்மா வருது. எனக்கு ஏரி தாண்ட இருபது டொலரோ?" எண்டு கேட்டான்.

அப்ப நான் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன். பிறகு, பனையோலைப் பெட்டி பின்னுகிற தோழி ஒருத்தி தன்ர பெட்டிகளை வெளிநாட்டுக்கு விற்க முடியுமா எண்டு கேட்ட நேரம்தான் இந்தக் கேள்வி திரும்ப வந்தது. தேடிப் பார்த்தால், தூரத்துக்கும் விலைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. இதுக்குப் பின்னால கிட்டத்தட்ட 150 வருசத்து உடன்படிக்கைகளின் கதை ஒன்று இருக்கு.

பேர்ன், 1874

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு கடிதம் எல்லை தாண்டுவது பெரிய சிக்கல். ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளோடு தனித்தனியாகத் தபால் ஒப்பந்தம் செய்திருந்தது. ஒரே ஊருக்குப் போகிற கடிதத்துக்கு, அது எந்த வழியால் போகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். வழியில் உள்ள ஒவ்வொரு நாடும் தன் பங்கைக் கேட்கும். எடைக் கணக்கும் நாணயமும் நாட்டுக்கு நாடு வேறு.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று 1863இல் பாரிசில் ஒரு மாநாடு நடந்தது. அதைக் கூட்டும் யோசனையை முன்வைத்தவர் அமெரிக்காவின் தபால் மா அதிபர் மொன்ட்கொமரி பிளேயர். அங்கே பொதுவான கொள்கைகள் பேசப்பட்டன. ஆனால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வரவில்லை. அதைச் சாதித்தவர் ஜேர்மன் தபால் அதிகாரி ஹைன்ரிக் ஃபொன் ஸ்டெஃபன். அவருடைய முயற்சியால் 1874இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் 22 நாடுகள் கூடி, ஒக்டோபர் 9ஆம் திகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலக தபால் தினத்தை அந்தத் திகதியில் கொண்டாடுவது இதனால்தான். அன்று உருவான பொதுத் தபால் ஒன்றியம் 1878இல் உலகத் தபால் ஒன்றியம் என்று பெயர் மாறியது. பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த இலங்கை 1877இல் உள்ளே வந்தது.

ஒப்பந்தத்தின் அடிப்படை எளிமையானது. உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே தபால் பிரதேசம். வெளிநாட்டுக் கடிதத்துக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான கட்டணம். மூன்றாவது விதிதான் எங்கட கதைக்கு முக்கியம்: முத்திரை விற்ற நாடு அந்தக் காசை முழுசாகத் தானே வைத்துக்கொள்ளும். கடிதத்தைப் பெற்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாட்டுக்கு ஒன்றும் இல்லை.

கேட்க அநியாயமாகத் தெரியும். ஆனால் அப்போதைய தர்க்கம் இதுதான்: கடிதம் போட்டால் பதில் கடிதம் வரும். நான் உன்னுடையதைச் சும்மா கொடுக்கிறேன், நீ என்னுடையதைச் சும்மா கொடு. வருசக் கடைசியில் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். கடிதங்களுக்கு இது பொருந்தியது. ஃபோன் கவருக்கு யாரும் பதில் கவர் அனுப்புவதில்லை.

ரோக்கியோ, 1969

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் ஒன்றியத்துக்குள் வந்தன. பணக்கார நாடுகளில் இருந்து அவற்றுக்குச் சஞ்சிகைகளும் விளம்பரங்களும் அச்சுப் பிரதிகளும் மூட்டை மூட்டையாக வந்தன. திரும்பிப் போனதோ கொஞ்சம். "உங்கட தபாலை எங்கட காசில ஏன் நாங்கள் விநியோகிக்க வேணும்?" என்ற நியாயமான கேள்வி எழுந்தது.

1969இல் ரோக்கியோவில் கூடிய மாநாடு இதற்கு ஒரு தீர்வு கண்டது. கூடுதலாக அனுப்புகிற நாடு, பெறுகிற நாட்டுக்கு விநியோகச் செலவுக்காக ஒரு தொகை கொடுக்க வேண்டும். இதை முடிவிடக் கட்டணம் என்று சொல்லலாம். 1971இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு ஒவ்வொரு மாநாட்டிலும் இதன் சூத்திரம் மாறிக்கொண்டே போனது. 1999இல் பெய்ஜிங் மாநாட்டுக்குப் பிறகு பணக்கார நாடுகளுக்கு ஒரு வகைக் கட்டணமும் வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணமும் என்று பிரிந்தது. வளரும் நாடுகள் பக்கத்தில் சீனாவும் இருந்தது.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். தபால் உலகில் "கடிதத் தபால்" என்றால் கடதாசி மட்டும் இல்லை. 2 கிலோ வரையான சிறு பொதிகளும் அந்த வகைக்குள்தான் வரும். 1969இல் இது பெரிய விசயம் கிடையாது. மாமா அனுப்புகிற ஒரு பேனாவோ, புத்தகமோ, அவ்வளவுதான். கோடிக்கணக்கான சிறு பொதிகள் தொழிற்சாலையில் இருந்து நேரே வீட்டுக்கு வரும் என்று அப்போது யார் நினைத்தது?

உடைந்த லேசரும் பூட்டின கதவும்

1995 செப்ரெம்பரில் பியர் ஒமிட்யார் என்ற மென்பொருள் பொறியியலாளர் கலிபோர்னியாவில் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். பெயர் ஒக்‌ஷன்வெப், பிறகு ஈபே. முதலில் விற்றது உடைந்த லேசர் சுட்டி ஒன்று, விலை 14.83 டொலர். அதை வாங்கியவர் ஒரு கனடாக்காரர். உடைந்ததைத் தேடி வாங்குகிற ஒருவர் எங்கோ ஓர் இடத்தில் இருப்பார், அவர் பக்கத்து ஊரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்பதுதான் அந்தத் தளத்தின் முழு வியாபாரமும்.

ஆனால் பல வருசங்களாக அமெரிக்க விற்பனையாளர்களில் கனபேர் "அமெரிக்காவுக்குள் மட்டும்" எண்டு போட்டுவைத்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் சுங்கப் பத்திரம் நிரப்ப வேணும். சிறு பொதிகளில் இண்டைக்கும் ஒட்டுகிற சிஎன்22 என்ற அந்தச் சின்னத் துண்டில் பொருள் என்ன, எடை என்ன, பெறுமதி என்ன என்று எழுத வேணும். மலிவான சேவையில் அனுப்பினால் எல்லை தாண்டின பிறகு பொதி எங்கே என்று பார்க்க வழி இருக்காது. வாங்குபவர் "வரேல்ல" எண்டு சொன்னால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வந்தாலும், வாசலில் சுங்கத் தீர்வை கேட்டவுடன் "எனக்கு வேண்டாம்" எண்டு திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

காசுப் பக்கத்தை ஈபே ஓரளவு சரிசெய்தது. 2002இல் 1.5 பில்லியன் டொலருக்கு பேபாலை வாங்கியது. பொதிப் பக்கம் அப்படியே கிடந்தது.

இரண்டு வழிகள்

2010க்குப் பிறகு, ஏறக்குறைய ஒரே நேரத்தில், இரண்டு வெவ்வேறு வழிகள் திறந்தன. மச்சானுடைய மூடியும் என்னுடைய கவரும் போனது இந்த இரண்டு வழிகளால்தான்.

முதலாவது தனியார் வழி. 2012இல் ஈபே, பிட்னி போவ்ஸ் என்ற கொம்பனியோடு சேர்ந்து உலகளாவிய அனுப்புத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பிட்னி போவ்ஸ் தபால் உலகுக்குப் புதிய ஆள் இல்லை. முத்திரைக்குப் பதிலாக உறையில் கட்டணத்தை அச்சிடும் இயந்திரங்களால் வளர்ந்த நூறு வருசக் கொம்பனி அது.

திட்டம் இப்படி வேலை செய்தது. விற்பவர் பொதியை கென்டக்கி மாநிலத்தின் எர்லாங்கரில் உள்ள மையத்துக்கு அனுப்பினால் போதும். அவருக்கு அது சாதாரண உள்நாட்டுத் தபால். அங்கே பொதியைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் திரும்பக் கட்டி, சுங்கப் பத்திரம் தயாரித்து, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வாங்குபவர் பொருளின் விலை, அனுப்புகூலி, இறக்குமதிக் கட்டணம் மூன்றையும் முதலே கட்டிவிடுவார். வாசலில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். மையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பொதி தொலைந்தாலும் உடைந்தாலும் விற்பவர் பொறுப்பில்லை.

விற்பவருக்கு இது பெரிய நிம்மதி. பூட்டியிருந்த கதவு திறந்தது. ஆனால் அந்த நிம்மதிக்கான காசு வாங்குபவரின் பையில் இருந்து போனது. 500 டொலர் கமராவுக்கு இருபது டொலர் கட்டுவது பெரிய விசயம் இல்லை. நாலு டொலர் மூடிக்கு அது விசர் வேலை. உறையில் போட்டு முத்திரை ஒட்டினால் சில டொலரில் போகக்கூடிய பொருளும் இந்த மையத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். 2023 அளவில் அமெரிக்காவில் ஈபே இந்தத் திட்டத்தை மாற்றி, 'ஈபே இன்ரர்நஷனல் ஷிப்பிங்' எண்டு வேறொன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருந்து திருப்பி அனுப்பப்படும் பொருளின் தலையிடியையும் அது விற்பவரிடமிருந்து எடுத்துவிட்டது.

இரண்டாவது வழி அரச தபால் வழி. 2010-2011இல் அமெரிக்கத் தபால் சேவை ஹொங்கொங் தபாலோடும் சீனத் தபாலோடும் 'ஈபக்கெற்' என்ற சேவைக்கு ஒப்பந்தம் செய்தது. 2 கிலோவுக்கு உட்பட்ட சிறு பொதி, குறைந்த கட்டணம், கூடவே இலக்கம் போட்டுப் பின்தொடரும் வசதி. 2010இல் அலிஎக்ஸ்பிரஸ்சும் வந்தது. தொழிற்சாலை, சந்தை, மலிவான தபால் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தன. அமெரிக்காவில் பக்கத்து மாநிலத்துக்கு ஒரு சின்னப் பொதி அனுப்புவதைவிடச் சீனாவில் இருந்து அமெரிக்காவுக்கு அனுப்புவது மலிவாக இருந்த காலம் அது.

மச்சானுக்கான பதில் இதுதான். அவனுடைய மூடி போன வழியில் ஒவ்வொரு கையும் தன் கூலியை வாங்கிக்கொண்டது. என்னுடைய கவர் வந்த வழியில் கடைசிக் கைக்கு, அதாவது படலை வரைக்கும் சைக்கிள் மிதித்த அண்ணையின்ர திணைக்களத்துக்கு, மாநாடு ஒன்றில் முடிவுசெய்த தொகைதான் போனது. "இலவசம்" எண்டு எழுதியிருந்த இடத்தில் பல நாட்டுத் தபால் ஊழியர்களின் உழைப்பு இருந்தது.

ஏழை நாடுகளுக்கு உதவுவதற்காக வகுத்த கட்டணம், உலகின் மிகப் பெரிய ஏற்றுமதி நாட்டுக்குத்தான் கூடுதலாக உதவியது. இதில் சீனச் சிறு வியாபாரியைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்த விதியை அவர் பயன்படுத்தினார். விதி எழுதப்பட்ட காலமும் அது பயன்பட்ட காலமும் வேறுவேறாகப் போனதுதான் பிரச்சினை.

கதவுகள் திரும்ப மூடுப்படுகின்றன

2018 ஒக்டோபரில் ட்ரம்ப் அரசு உலகத் தபால் ஒன்றியத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தது. ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவரான நாடே வெளியேறப்போகிறது என்றவுடன் ஒன்றியம் கலங்கிப்போனது. 2019 செப்ரெம்பரில் ஜெனீவாவில் விசேட மாநாடு கூட்டப்பட்டது. ஒன்றியத்தின் வரலாற்றில் அப்படியான மாநாடு அது மூன்றாவது தடவைதான். சமரசம் வந்தது: அமெரிக்கா 2020 யூலையில் இருந்து தன் விநியோகக் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும்; மற்ற நாடுகள் படிப்படியாக. பேர்னில் தொடங்கின "ஒரே பிரதேசம்" என்ற எண்ணத்தில் விழுந்த பெரிய வெடிப்பு இது.

அடுத்தது வரி. அநேகமான நாடுகள் சின்னப் பொதிகளை வரியில்லாமல் உள்ளே விட்டன. வசூலிக்கிற செலவு வரியைவிடக் கூட என்பதுதான் காரணம். அமெரிக்காவில் இந்த விலக்கு 1938இல், சாதாரணப் பொருளுக்கு ஒரு டொலர் என்ற அளவில் தொடங்கியது. 1993இல் 200 டொலர், 2016இல் 800 டொலர். அதற்குப் பிறகு இந்த வழியால் வரும் பொதிகள் வருசத்துக்குச் சுமார் 14 கோடியில் இருந்து 100 கோடிக்கு மேல் போயின.

முதலில் கையை வைத்தது அவுஸ்திரேலியா. 2018 யூலையில் இருந்து 1000 அவுஸ்திரேலிய டொலருக்கு உட்பட்ட பொருட்களுக்கும் வரி. அதை வசூலிக்கும் பொறுப்பு சந்தைத் தளங்களுக்கு. 2021 ஜனவரியில் பிரித்தானியாவும் அந்த வருச யூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் இதே பாதையில் வந்தன. வரி வசூலிப்பவராகச் சுங்க அதிகாரிக்குப் பதில் சந்தைத் தளமே மாறியது இந்தக் கட்டத்தில்தான்.

2025இல் அமெரிக்கா கதவை அடித்துச் சாத்தியது. மே 2இல் சீனப் பொதிகளுக்கும் ஓகஸ்ட் 29இல் எல்லா நாடுகளுக்கும் 800 டொலர் விலக்கு நிறுத்தப்பட்டது. தீர்வையை முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் ஏற்பாடு பல நாட்டுத் தபால் சேவைகளிடம் இருக்கவில்லை. 88 தபால் சேவைகள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தியதாகவும், ஓகஸ்ட் 29இல் அமெரிக்காவுக்கான தபால் போக்குவரத்து ஒரு கிழமைக்கு முதல் இருந்ததைவிட 81 வீதம் குறைந்ததாகவும் உலகத் தபால் ஒன்றியம் சொன்னது.

பெட்டிக்காரி என்ன செய்யலாம்?

இனி எங்கட தோழியின்ர பெட்டிக்கு வருவம்.

இலங்கையில் இருந்து விற்கிற ஆளுக்கு முதல் தடை காசு. நீண்ட காலமாக பேபால் இங்கே இருந்து காசு கட்ட விட்டது. காசு பெற விடவில்லை. எங்கட பெடியள் கனபேர் இதற்கு வேறு வழி கண்டுபிடிச்சவங்கள். பொருளைக் கண்ணால் காணாமலே, ஒரு தளத்தில் இருப்பதை இன்னொரு தளத்தில் விற்று, பொருள் நேரே வாங்குபவருக்குப் போக, இடைக்காசை பயோனியர் வழியாக எடுப்பது. கெட்டித்தனம்தான். ஆனால் அந்த வியாபாரத்தில் எங்கட ஊர்ப் பொருள் ஒன்றும் விமானம் ஏறுவதில்லை. பெட்டி பின்னுகிறவளுக்கு அது உதவாது.

இரண்டாவது தடை பெட்டியின் உருவம். பனையோலைப் பெட்டிக்கு எடை இல்லை. ஆனால் இடம் பிடிக்கும். 30 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 25 உயரமான ஒரு பெட்டியை எடுங்கோ. நிறுத்தால் அரைக் கிலோவும் வராது. தனியார் கூரியர்கள் கன அளவை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்: மூன்று அளவையும் பெருக்கி 5000ஆல் பிரித்தால் 4.5 கிலோ. அதற்குத்தான் காசு. பெட்டியின் விலையைவிட அனுப்புகூலி பல மடங்கு வந்துவிடும்.

அரச தபாலின் சிறு பொதிக்கு விதி வேறு. 2 கிலோவுக்குள் இருக்க வேணும்; நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது; ஒரு பக்கம் 60ஐத் தாண்டக்கூடாது. தோழியின்ர பெட்டியைக் கூட்டினம்: 85. உள்ளே வந்திட்டுது! கட்டணம் நிறுத்த எடைக்குத்தான். பேர்னில் கோட்டுப் போட்ட ஆக்கள் தொடக்கிவைத்த ஒழுங்கு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு பனையோலைப் பெட்டிக்கு ஐந்து சென்ரிமீற்றர் மிச்சம் விட்டு இடம் குடுத்திருக்கு.

இதனால்தான் அந்தப் பழைய ஒன்றியம் உடைவதைப் பார்த்துச் சும்மா இருக்க எனக்கு மனம் வரேல்ல. பெரிய சந்தைத் தளங்களின் திட்டங்கள் நன்றாக வேலை செய்கின்றன, மையம் இருக்கிற நாட்டுக்காரருக்கு. கென்டக்கியில் இருப்பவருக்கு உலகம் முழுக்க வாசல். ஒரு கொம்பனிக்கு லாபம் வராத இடத்தில் மையம் வராது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. தபால் ஒன்றியம் வேறு மாதிரியானது. சின்ன நாடோ பெரிய நாடோ, மாநாட்டில் ஒரு வாக்கு. விதிகள் பிழைத்திருக்கின்றன, பெரியவர்களுக்குச் சாதகமாக வளைந்திருக்கின்றன. ஆனாலும் எங்கட தபாற்கந்தோர் வாங்குகிற பொதியை உலகின் ஏதோ ஒரு மூலையில் இன்னொரு தபால்காரர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற கடமை அங்கேதான் இருக்கு. அது இல்லாமல் போனால் தோழிக்கு மிஞ்சுவது 4.5 கிலோக் கணக்கு.

இப்போதைக்கு அவள் செய்வது எங்கட சனத்தின் பழைய வழிதான். லீவுக்கு வந்து திரும்பிப் போகிற ஆக்களிட்ட பத்துப் பெட்டியை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் குடுத்துவிடுவாள். அது ஸ்காபரோவில மச்சான் வீட்டு பேஸ்மென்ரில இறங்கும். அவன் அங்கே இருந்து கனடாத் தபாலில் ஒவ்வொன்றாக அனுப்புவான். ஏரி தாண்ட இருபது டொலர் கேட்டதுக்குக் கோபப்பட்டவன்தான் இப்ப எங்கட கென்டக்கி மையம்.

போன மாதம் பிரித்தானியாவில ஒருத்தருக்கு மட்டும் சோதனைக்காக யாழ்ப்பாணத்தில இருந்து நேரே ஒரு பெட்டி போட்டம். கவுண்டரில இருந்த அக்கா அளந்து, நிறுத்து, சிஎன்22 துண்டைத் தந்து, "என்ன சாமான் எண்டு விளங்கிற மாதிரி எழுதுங்கோ தங்கச்சி" எண்டு சொன்னா. தோழி "பனையோலைப் பெட்டி, கைவேலை" எண்டு எழுதி, பெறுமதியையும் போட்டாள். ரசீதில ஒன்பது இலக்கமும் கடைசியில் இலங்கைக்கான இரண்டு எழுத்தும் இருந்தது. அந்த இலக்கத்தை அவள் ஒரு நாளைக்கு நாலு தரம் அடிச்சுப் பார்க்கிறாள். கடைசியாகப் பார்த்த நேரம் கொழும்பை விட்டு வெளிக்கிட்டிருந்தது.

உங்களில் யாராவது இங்கே இருந்து நேரே பொருள் அனுப்பி விற்றிருந்தால், எந்த நாட்டுக்கு, என்ன செலவு, எத்தனை நாளில் போனது எண்டு எழுதுங்கோ. பெட்டி பின்னுகிற இன்னும் நாலு பேருக்கு அது உதவும்.